குளிருக்காகத்தான் குடிக்கிறார்களா?

கேள்வி கோத்தகிரிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தது. கேட்டவரின் அண்ணன் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறார். ஃபேக்டரியிலிருந்து இலைப் பணம் கைக்கு வந்த அன்று ஆரம்பித்தால் நான்கைந்து நாள் தொடர்ந்து குடிக்கிறார். மற்ற நாள்களில் தொடுவதில்லை, ஆனால் யாருடனும் பேசுவதும் இல்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. கேட்டால், "இந்தக் குளிருக்கு இது இல்லாம முடியாது. வெள்ளைக்காரன் தினமும் குடிக்கிறான், அவனுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்கிறாராம். தங்கை கேட்பது இரண்டு விஷயம். அண்ணன் சொல்வதில் ஏதாவது உண்மை உண்டா? மனசு சரியில்லாததால் குடிக்கிறாரா, குடிப்பதால் மனசு சரியில்லாமல் போகிறதா?

நான் மருத்துவர் இல்லை. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இந்த மலையில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

குளிரை முதலில் முடித்துவிடலாம். மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தெரிகிறது. அந்தச் சூடு அப்படியே காற்றில் போய்விடுகிறது, உடம்பின் உள்வெப்பம் குறைகிறது. தலைக்குந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாகும் ஜனவரி ராத்திரியில் குடித்துவிட்டு வழியில் படுத்தவருக்கு, குடிக்காமல் படுத்தவரைவிட ஆபத்து அதிகம். கேன்டீன் ரம் உடம்பைச் சூடாக வைக்கும் என்று வெலிங்டன் பக்கத்து முன்னாள் ராணுவத்தார் சத்தியம் செய்வார்கள். சூடாகத் தெரியும் என்பதுவரை அவர்கள் சொல்வது சரி, அதற்கு மேல் இல்லை. அப்புறம் இன்னொன்று. குளிர்தான் காரணம் என்றால், காலை எட்டு மணிக்கு நனைந்த செடிக்குள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைக் கட்டிக்கொண்டு இறங்கும் பெண்கள்தான் முதலில் குடிக்க வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைப்பொருள் சிகிச்சை மையம் நாடு முழுக்க எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் ஆண்களில் 27.3 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.6 விழுக்காட்டினர். குளிர் ஆம்பளையை மட்டும் பார்த்து அடிப்பதில்லை.

இனி வெள்ளைக்காரன். இதில்தான் விஷயம் இருக்கிறது.

இதைப் பற்றி யோசித்த முக்கியமான ஆள் ஒருவர் நம் மலைக்கு வந்து போனவர் என்பது பலருக்குத் தெரியாது. டேவிட் மாண்டல்பாம் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1937இல் நீலகிரிக்கு வந்து, இந்த மலையின் பழங்குடிகளில் ஒன்றான கோத்தர்களிடையே ஆய்வு செய்தார். கோத்தர், தோடர், படகர், குறும்பர் ஆகியோருக்கிடையே இருந்த கொடுக்கல் வாங்கல் பற்றி அவர் எழுதியவை இன்றும் படிக்கப்படுகின்றன. அவரே 1965இல் மதுவும் பண்பாடும் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். உலகத்தில் எங்கும் சாராயத்தின் வேதியியல் ஒன்றுதான்; ஆனால் யார், எப்போது, யாரோடு குடிக்கலாம், குடித்தபின் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதை அந்தந்தச் சமூகம்தான் முடிவு செய்கிறது என்பது அதன் சாரம்.

உதாரணத்துக்கு நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்ஸ்டேர்ஸ் என்ற மனநல மருத்துவர் ராஜஸ்தானில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்து பார்த்ததை 1954இல் எழுதினார். அங்கே ராஜபுத்திரர்கள் சாராயம் குடிப்பார்கள். பிராமணர்கள் கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு சாப்பிடுவார்கள். ஒருவர் எடுப்பதை மற்றவர் கேவலமாகப் பார்ப்பார். ஒரே ஊர், ஒரே வெயில்! பொலிவியாவில் காம்பா என்ற மக்களை 1950களில் ட்வைட் ஹீத் ஆராய்ந்தார். அவர்கள் குடித்தது கிட்டத்தட்ட 90 விழுக்காடு சுத்த ஆல்கஹால். நம் கடைச் சரக்கைவிட இரு மடங்கு வீரியம். திருவிழா என்றால் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் இன்னொருவரை வாழ்த்திய பிறகே குடிப்பார்கள். அளவு தாங்காமல் சரிந்து தூங்குவார்கள், எழுந்து மறுபடி உட்காருவார்கள். அடிதடி இல்லை, தனியாகக் குடிப்பவரும் இல்லை என்று அவர் பதிவு செய்தார். அவர்கள் ஈரல் என்ன பாடு பட்டது என்பது வேறு கதை. போதை ஏறினால் ஆள் ரகளைதான் செய்வான் என்பது இயற்கை விதி இல்லை என்பதற்கு மட்டும் அவர்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அண்ணன் சொல்லும் வெள்ளைக்காரன் அனேகமாக இத்தாலிக்காரனாகவோ பிரெஞ்சுக்காரனாகவோ இருக்க வேண்டும். அங்கே சாப்பாட்டோடு ஒரு கோப்பை வைன் என்பது பழைய வழக்கம். மேசையில் பாட்டி இருப்பாள், பேரப்பிள்ளை இருப்பான், தட்டில் சோறு இருக்கும். அங்கே நிதானம் தவறுவதுதான் அவமானம். பின்லாந்துப் பக்கம் போனால் வேறு முறை: வாரநாளில் தொடமாட்டார்கள், வெள்ளி ராத்திரி போதைக்காகவே உட்காருவார்கள். வருடக் கணக்கில் மொத்த லிட்டரைக் கூட்டிப் பார்த்தால் பழைய காலத்து இத்தாலிதான் அதிகம். அடிதடி, திடீர் மரணம் போன்றவை வடக்கில்தான் அதிகம். ஆனால் இதை வைத்து இத்தாலி முறைதான் நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அமைதியாக, சாப்பாட்டோடு, தினமும் குடித்த பிரான்சில் கல்லீரல் சுருங்கிச் செத்தவர்கள் எண்ணிக்கை ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக அதிகமான வரிசையில் இருந்தது. இத்தாலி, பிரான்ஸ் இரண்டுமே கடந்த ஐம்பது அறுபது வருடத்தில் குடியை வெகுவாகக் குறைத்துவிட்டன. அண்ணன் மனதில் இருப்பது அவர் தாத்தா காலத்து வெள்ளைக்காரன்.

இப்போது நம் முறையைப் பார்ப்போம். டாஸ்மாக்கில் ஓடுவது குவார்ட்டர். 180 மில்லி, 42.8 விழுக்காடு வீரியம். கணக்குப் போட்டால் சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 60 கிராம் சொச்சம். இத்தாலிக்காரனின் ஒரு கோப்பை வைனில் இருப்பது 12 கிராம். உலக சுகாதார நிறுவனம், ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதைத் தனியாகப் பிரித்து, ஆபத்தான மொத்தக் குடி என்று கணக்கெடுக்கிறது. அவர்கள் அபாயக் கோடு போட்ட அளவை நாம் சில்லறை விற்பனை அளவாக வைத்திருக்கிறோம். பாதி பாட்டில் வேண்டும் என்றால் கட்டிங் போட ஆள் தேட வேண்டும். முன்பின் தெரியாத இருவர் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணளவில் சரிபாதி பார்த்து, பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கலந்து, ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டு ஐந்து நிமிடத்தில் பிரிந்து போகிறார்கள். பெயர்கூடக் கேட்பதில்லை. மலையில் இன்னொரு அவசரமும் உண்டு. ஊருக்குப் போகும் கடைசி பஸ். வேலை முடிந்து கடைக்கு வருவதற்கும் அந்த பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் உள்ளே போயாக வேண்டும்.

2022 மே மாதம் காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் தமிழ்நாட்டில் முதலில் நீலகிரியில்தான் வந்தது. உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. காட்டில் எறிந்த பாட்டில் உடைந்து யானை, காட்டெருமைக் காலில் ஏறுகிறது என்பது காரணம். நல்ல திட்டம், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த வழக்கை நான் வேறு மாதிரியும் படித்தேன். பாட்டில் காட்டோரத்திலும் தேயிலைச் செடிக்கடியிலும் கிடந்தது என்றால் குடித்தவன் அங்கேதான் இருந்தான். வீட்டில் இல்லை, விருந்தில் இல்லை, தெரிந்தவர் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

நம்மிடம் குடிக்குச் சட்டம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது. முறை இல்லை. வேகமாக, ஒளிந்து, வெறும் வயிற்றில், போதைக்காகவே குடிப்பதுதான் ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வழியாக இருக்கிறது. மனநலத்துக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடைக்காது.

ஏன் என்று கேட்டால், நான் முக்கியமாக நினைப்பது பேச்சு. மெக்ஆண்ட்ரூ, எட்ஜர்டன் என்று இருவர் 1969இல் பல சமூகங்களின் குடிப் பழக்கத்தை ஒப்பிட்டார்கள். பல சமூகங்களில் போதை என்பது ஒரு விடுமுறை போல, அந்த நேரத்தில் செய்வதும் சொல்வதும் கணக்கில் வராது என்று காட்டினார்கள். ஜப்பானில் அலுவலகம் முடிந்து எல்லாரும் சேர்ந்து குடிக்கும்போது மேலதிகாரியிடம் மனக்குறையைச் சொல்லலாம். காலையில் இருவருமே அதை மறந்த மாதிரி இருப்பார்கள். நம்மிடமும் இருக்கிறது. "போதையில சொன்னான், விடுங்க." நாற்பது வயது ஆண் நம் ஊரில் அழ முடிகிற இடம் இரண்டு: சாவு வீடு, போதை. கடன் கழுத்தை நெரிக்கிறது, இலை விலை விழுந்துவிட்டது, மகன் மதிப்பதில்லை என்பதையெல்லாம் அவன் அந்த அரை மணி நேரத்தில்தான் சொல்கிறான். சொன்னதை நாம்தான் "போதையில சொன்னான்" என்று தள்ளிவிடுகிறோமே. தெளிந்த பிறகு அவனும் சொல்ல மாட்டான், நாமும் கேட்க மாட்டோம். மனச்சோர்வு என்று ஆறு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது, குடிகாரன் என்ற பெயருக்குக் கீழே மறைந்துகொள்கிறது. பெங்களூரில் இருக்கும் நிமான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், குடியால் நோய்ப்பட்டவர்களில் 86 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று வந்தது. மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய்களைவிட இதில் இடைவெளி அதிகம். குடும்பம் திட்டும், பொறுத்துக்கொள்ளும், சாமி முன்னால் சத்தியம் வாங்கும். நோய் என்று விசாரிப்பது கடைசியில்தான்.

எது முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு திசையிலும் போகும், ஆனால் சரிசமமாக இல்லை. மது மூளையின் பதற்றத்தை அடக்குகிறது. முதல் ஒரு மணி நேரம் நிம்மதி. அது பொய் இல்லை. மூளை அதைச் சமன் செய்ய எதிர்த்திசையில் வேகமெடுக்கிறது. சரக்கு இறங்கியதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. அதனால்தான் குடித்துப் படுத்தவர் உடனே தூங்கி, இரண்டு மூன்று மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருகிறார். நான்கைந்து நாள் அப்படிப் போனால் அடுத்த பல நாள் தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் பிடிப்பின்மை. அண்ணன் பேசாமல் இருக்கும் நாள்கள் அதுவாக இருக்கலாம். அதிகம் குடிப்பவர்களிடம் தெரியும் மனச்சோர்வில் பெரும்பகுதி, முழுமையாக நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குப் பிறகும் நிற்பது தனி நோய், அதற்குத் தனியாக மருந்து வேண்டும். ஆகவே எது முதல் என்று இன்றைக்கே முடிவுகட்ட வேண்டியதில்லை. ஒரு மாதம் தெளிந்திருந்தால் மருத்துவருக்கே தெரிந்துவிடும்.

மலையில் இதைப் பேசும்போது வரும் ஒரு பேச்சை மட்டும் நான் விடுவதில்லை. "எஸ்டேட் ஆளுங்க அப்படித்தான்", "ஆதிவாசிங்களுக்குக் குடி ரத்தத்துலயே இருக்கு". வட அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி அங்கே நூறு வருடத்துக்கு மேலாக இதே கதையைச் சொன்னார்கள். பழங்குடி உடம்பு மதுவைத் தாங்காத பிறவி அமைப்பு என்பதற்குத் தேடியும் உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. நிலம் போனது, மொழி போனது, பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்குப் பிடித்துப்போனது, அதெல்லாம்தான் எதிரே நிற்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சாண்ட்லர், லாலோண்ட் என்ற இருவர் 1998இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளியையும் சுகாதாரத்தையும் நிலப் போராட்டத்தையும் தங்கள் கையில் வைத்திருந்த பழங்குடிச் சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைவு. சிலவற்றில் இல்லவே இல்லை. எதுவும் கையில் இல்லாத சமூகங்களில் பல மடங்கு. கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், முள்ளுக்குறும்பர் வீட்டுப் பிள்ளைகளே நர்சுகளாக நிற்பதை அந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்வேன். எஸ்டேட் கதையும் அப்படித்தான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் மூத்தவர்கள் சாராயக்கடையை இன்றும் தவறணை என்பார்கள். பிறந்த மண்ணை விட்டு, தெரியாத மலையில், பத்தடி லைன் வீட்டில் வாழ்க்கையை மறுபடி ஆரம்பித்தவர்களிடம் "ஏன் குடிக்கிறாய்" என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய.

அரசாங்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. சில்லறை விற்பனை அரசின் கையில் இருப்பது தமிழ்நாட்டில் மட்டும் இல்லை. நார்வேயில் 1922 முதல், பின்லாந்தில் 1932 முதல், சுவீடனில் 1955 முதல் வீரியமான சரக்கு பெரும்பாலும் அரசுக் கடையில்தான். சுவீடனில் சனிக்கிழமை மதியம் மூன்று மணியோடு கடை சாத்தினால் திங்கள்தான். குடியைக் குறைப்பதற்காகவே உருவான கடைகள் அவை. நம் கடை 2003 முதல் அரசுக்கு வருமானம் தரும் கடை. 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதற்காக நாளைக்கே மொத்தமாக மூடிவிடலாமா என்றால், சோவியத் யூனியன் கதையைப் பார்க்க வேண்டும். கோர்பச்சேவ் 1985இல் மதுவைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். இரண்டே வருடத்தில் ஆண்களின் ஆயுள் கூடியது, தற்கொலைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தன. கள்ளச் சாராயமும் பெருகியது. கட்டுப்பாடு தளர்ந்து நாடும் உடைந்த பிறகு 1994இல் ரஷ்ய ஆணின் சராசரி ஆயுள் 58க்குக் கீழே போனது. அளவு குறைந்தால் மனமும் உடம்பும் தேறும் என்பதற்கும், அடைத்த வழியில் விஷம் வரும் என்பதற்கும் ஒரே கதை சாட்சி. இரண்டாவதற்கு நமக்கு ரஷ்யா வரை போக வேண்டியதில்லை, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

சரி, அண்ணனுக்கு என்ன செய்வது?

தெளிந்திருக்கும் நாளில் பேசுங்கள், குடியைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். தூக்கம் எப்படி இருக்கிறது, ஃபேக்டரியில் பாக்கி ஏதும் நிற்கிறதா, யாரிடம் கடன் என்று ஆரம்பிக்கலாம். போதையில் அவர் சொன்ன எதையாவது நினைவில் வைத்திருந்தால், "அன்னிக்கு இப்படிச் சொன்னியே அண்ணா, அது என்ன?" என்று கேளுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்று போதையில் சொல்லியிருந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள், நேரடியாகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அப்படி ஒரு பேச்சு வந்திருந்தால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். தொடர்ந்து பல நாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளில் கை நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆள் தெரிவதும் மேலே பூச்சி ஊர்வதும் வரும். அதைக் காற்று சேஷ்டை என்று மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்தான நிலை, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அங்கே மருந்தோடு தயமின் என்ற பி1 வைட்டமினும் ஊசியாகப் போடுவார்கள். அந்தச் சத்து குறைந்து மூளை பாதிக்கப்பட்டால் ஞாபகமே போய்விடும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்துகொடுக்கும் 'குடியை மறக்கும் பொடி' வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் இருப்பது டைசல்பிராம். அது மருத்துவர் கண்காணிப்பில், சாப்பிடுபவர் தெரிந்தே சாப்பிட வேண்டிய மாத்திரை. தெரியாமல் அதைச் சாப்பிட்டவர் அதன் மேல் மது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இதயம் நின்றுபோகக்கூடும். பிழைத்தாலும் அதன் பிறகு வீட்டுச் சாப்பாட்டை நம்ப மாட்டார்.

பெரிய மறுவாழ்வு மையத்தில் மாதக்கணக்கில் அடைத்தால்தான் தீரும் என்றும் நினைக்காதீர்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவுக்கு மீறிக் குடிக்கும் ஆண்களிடம், மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைப் பேச வைத்துப் பார்த்தார்கள். அதிகபட்சம் நான்கு அமர்வுதான். மூன்று மாதத்தில் 36 விழுக்காட்டினர் ஆபத்தான அளவிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26. 2017இல் வெளிவந்த முடிவு. பத்துப் பேரில் ஒருவர் கூடுதலாக மீள்வது சின்ன விஷயம் போலத் தெரியும், நான்கு முறை உட்கார்ந்து பேசியதற்கு அது பெரிய கூலி.

14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நீங்களே முதலில் கூப்பிட்டுக் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து வையுங்கள். அடுத்த இலைப் பணம் வருவதற்கு முன்னால் ஒரு நாளாக அது இருந்தால் நல்லது. தூக்கத்துக்கு மருந்து வாங்கப் போகிறோம் என்று சொல்லியே கூப்பிடுங்கள். அது பொய்யும் இல்லை, அண்ணனும் வருவார்.